சூடே வராத பல்பு

அரைகுறையாகப் படித்தவர்களால் வரும் ஆபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். முழுசாகப் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பவர்களால் வரும் ஆபத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் இயற்பியல் பட்டதாரி. இரண்டாயிரங்களின் நடுவில் கல்யாணமாகி அமீரகத்தின் அல் ஐன் நகரத்துக்குப் போன புதிதில், படித்ததை யார்மீது பிரயோகிப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆமைகள் வந்து மாட்டின.

ஆமைகள் நூர்ஜஹான் லாத்தாவுடையவை. (காயல்பட்டினத்துக்காரர். அக்காவை அவர்கள் ஊரில் லாத்தா என்பார்கள்.) பழைய வில்லா ஒன்றைத் தடுத்து, முன்பக்கத்தில் லாத்தாவும் அவர் கணவரும், பின்பக்க அறையில் நானும் என் கணவர் செல்வமும் குடியிருந்தோம். செல்வம் விடியுமுன் கட்டுமான சைட்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஊர் நினைப்பில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நாட்களில், தட்டில் சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தது லாத்தாதான். எனக்கு அம்மை போட்டபோது செல்வத்துக்கு லீவு கிடைக்கவில்லை. ரோட்டோர வேப்பமரத்தில் கொத்தாக ஒடித்து வந்து என் படுக்கையில் பரப்பியதும் அவர்தான். “உங்க ஊர்ல இப்படித்தானே செய்வாங்க?” என்று கேட்டு, தலைமாட்டிலேயே இருந்தார்.

அப்படிப்பட்டவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பும்போது, “என் புள்ளைங்களப் பாத்துக்குவியாம்மா?” என்று கேட்டால் நான் மாட்டேன் என்பேனா?

பிள்ளைகள் என்றது சுல்தானையும் ராணியையும். லாத்தாவுக்குக் குழந்தை கிடையாது. (நான் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆமையோடு குடியிருக்கிறேன் என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் அழைத்துப் போயிருப்பாள்.)

“கீரை போடு, தண்ணி வை. அதுங்க பெட்டிக்கு மேல தொங்குதுல்ல, அந்த பல்பு பகல்ல எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான் புள்ள.”

எதற்காக எரிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பட்டதாரிக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பார்.

ஜனவரி மாதம். லாத்தாவும் அவர் கணவரும் ஊருக்குப் போன சில நாட்களில் பல்பு ஃபியூஸ் போனது. மகிழ்ச்சியோடு கடைக்குப் போனேன். அந்தப் பழைய குண்டு பல்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த மாதிரி பல்பு மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாக வீணடிக்கிறது. ‘வீணடிக்கிறது’ என்று எழுதித்தான் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

கடைக்கார மலையாளி, சுருள் சுருளாக இருந்த ஒரு வெள்ளை பல்பை மாட்டி எரிய விட்டார். அப்போதுதான் பிரபலமாகிக்கொண்டிருந்த எனர்ஜி சேவர். “சேச்சி, கை வெச்சு நோக்கு. சூடே இல்லா!”

கை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. எனக்குப் புல்லரித்தது.

மாட்டியதும் பெட்டி நகைக்கடை மாதிரி பளீரென்றது. செல்வம் மட்டும் சந்தேகமாகப் பார்த்தார்.

“ஏட்டி, ஆமைக்கு எதுக்கு எனர்ஜி சேவர்? அது என்ன பரீட்சைக்கா படிக்கப் போவுது?”

“உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்றேன். புரியாதவர் தூங்கப் போனார்.

மறுநாள் முதல் சுல்தானும் ராணியும் அமைதியானார்கள். கீரையைத் தொடவில்லை. இதமான வெளிச்சம் பட்டு நிம்மதியாக ஓய்வெடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். லாத்தா போன் செய்தபோது பெருமையாகவே சொன்னேன்.

“நல்லாத் தூங்குதுங்க லாத்தா.”

“தூங்குதா? சுல்தான் பகல்ல ஒரு எடத்துல நிக்க மாட்டானே!” அதற்குள் பின்னால் யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க மேகமூட்டம், வாடைக்காற்று. வெள்ளிக்கிழமை காலையில் சுல்தானைத் தூக்கினேன். ஆற்றங்கரைக் கல் மாதிரி சில்லென்று இருந்தான். தட்டினேன், கூப்பிட்டேன், கொத்தமல்லியை முகத்தருகே ஆட்டினேன். அசைவில்லை. ராணியும் அப்படியே.

நான் போட்ட சத்தத்தில் செல்வம் பாதி முகச்சவரத்தோடு ஓடிவந்தார். பெட்டியைப் பார்த்தார். “போயிருச்சு போலயே” என்றார் மெதுவாக.

பிள்ளை மாதிரி வளர்த்ததை என்னை நம்பி விட்டுப் போனவரிடம் என்ன சொல்வேன்? வேப்பிலையோடு நின்ற அந்த முகம்தான் கண்முன் வந்தது. அழுதுகொண்டே சொன்னேன், “குப்பைல மட்டும் போடக் கூடாது. மரியாதையா அடக்கம் பண்ணணும்.”

செல்வத்தின் சைட் பிக்கப் ஓட்டுநர் கான் பாயை வரவழைத்தோம். பெஷாவர்க்காரர், தாடி வைத்த பெரிய மனிதர். தூக்கிப் போக வேறு பெட்டி இல்லாததால், என் அலுமினிய பிரியாணிச் சட்டியில் துணி விரித்து இருவரையும் படுக்க வைத்து மூடினேன். கான் பாயின் முகம் மலர்ந்தது.

“பாபி, பிரியாணி?” (அவருக்கு நான் பாபி, அதாவது அண்ணி.)

செல்வம் இந்தியில் விளக்கினார். கான் பாய் தலைகுனிந்து, சட்டியை இரண்டு கையாலும் வாங்கிப் பின்பக்கத்தில் வைத்தார்.

ஊருக்கு வெளியே மணல்மேட்டை நோக்கிப் போனோம். வழியில் தொழுகை நேரம் ஆகிவிட, கான் பாய் ஒரு பள்ளிவாசல் முன் வண்டியை நிறுத்திவிட்டுப் போனார். அந்த வாரத்தில் முதல்முறையாக வெயில் சுள்ளென்று அடித்தது. நாங்கள் முன்சீட்டில் துக்கம் காத்தோம். லாத்தாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன்.

தொழுகை முடிந்து வந்த கான் பாய், பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு அலறினார்.

“பாபி! பர்த்தன் போல்தா ஹை!”

பாத்திரம் பேசுகிறதாம். இறங்கி ஓடினேன். உள்ளே டொக், டொக் என்று சத்தம். மூடியைத் திறந்தேன். சுல்தான் கழுத்தை முழு நீளத்துக்கு நீட்டி என்னைப் பார்த்தான். அவ்வளவு வெறுப்பான பார்வையை அதன்பின் நான் என் மாமியாரிடம்கூடக் கண்டதில்லை. ராணி துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கான் பாய் வானத்தைப் பார்த்து நன்றி சொன்னார். நான் அலுமினியச் சட்டியைத் தொட்டேன். கை சுட்டது. அந்த நொடியில்தான், நான் எழுதிய தேர்வு விடை எனக்கே புரிந்தது. ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். கடையில் நான் தேடியிருக்க வேண்டியது, நான் வீண் என்று ஒதுக்கிய அந்தச் சூட்டைத்தான்.

திரும்பும் வழியில் வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனோம். பழைய பல்பு உயரத்தில் தொங்கியதால் பாதிச் சூடு கூரைக்குப் போயிருக்கிறது. தகரக் குடை போட்ட சின்னச் சூட்டு விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, பெட்டியின் பாதியைப் பலகையால் மூடினால் குறைந்த மின்சாரமே போதும் என்றார்கள். வெயில் அடித்தால் அதுவும் வேண்டாமாம், முற்றத்தில் விட்டுவிடலாம். சூரியனுக்குக் கரண்ட் பில் வராது. (இது எந்தப் பாடத்திலும் இல்லை.)

அன்றே லாத்தாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

“லாத்தா, திட்டிருங்க.”

“அழாத புள்ள. உசுரோட இருக்குல்ல? அது போதும். ஆமா, அப்படி என்ன பல்பு அது?”

“சூடே வராத பல்பு லாத்தா.”

அவர் சிரித்த சிரிப்பில் கல்யாண வீடே கூடிவிட்டது போல. ஒவ்வொருவருக்காக அவர் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குக் கேட்டது.

லாத்தா இப்போது ஊரோடு வந்துவிட்டார். போன வருடம் திருநெல்வேலியில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது வந்திருந்தார். நான் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, என் மாமியார், சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: “என்ன புள்ள, எனர்ஜி சேவர்ல போட்டியா?”

செல்வம் வெடித்துச் சிரிக்க, விவரம் தெரியாதவர்கள் கேட்க, லாத்தா கதையை ஆரம்பித்தார். அவர் சொல்லும் கதையில் நான் பல்பு மாற்றியது ஒரே வரியில் முடிந்துவிடும். “செத்துப்போன என் புள்ளைங்கள இந்தப் புள்ளதான் உசுரோட எனக்குத் திருப்பிக் குடுத்தா” என்பதைத்தான் நீட்டி முழக்குவார்.

நான் காபியைச் சுட வைக்க எழுந்து போனேன்.