முப்பத்தைந்து கிலோ

நூல் மூன்றாவது முறையாக இழுவை இயந்திரத்தின் கிளாம்ப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, சென்னைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐந்தருவியில இன்னிக்குக் குளிக்க விடுறாங்களா?"

"விடுதாவ சார்," என்றான் நம்பிராஜன். மழைநாளிலும் அவனுக்கு வியர்த்தது.

குத்துக்கல்வலசையில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் மூன்று வருடமாக அவன் பாலிஎத்திலீனை எண்ணெயில் கரைத்து, இழையாக இழுத்து, இரும்புக் கம்பியைத் தோற்கடிக்கும் நூல் ஒன்றைச் செய்யப் போராடிக்கொண்டிருந்தான். சென்னைக்காரர் மலையில் சிக்கியவர்களை மீட்கும் கயிறு செய்யும் கம்பெனி ஆள். நூல் முப்பத்தைந்து கிலோ இழுவையைத் தாங்கினால் ஆர்டர். தாங்காவிட்டால் முதலாளி துல்கர்னைன் கொட்டகையை இடித்து லாட்ஜ் கட்டிவிடுவார். பிளான்கூட வரைந்தாயிற்று. நம்பிராஜனின் இயந்திரம் நிற்கும் இடத்தில் கழிவறை வருகிறது.

"என்னவே இது, நூலா விலாங்கு மீனா?" துல்கர்னைன் அவன் காதோரம் சீறினார்.

"உருளையில சுத்தி இழுக்கணும் மொதலாளி. அவருதான் கிளாம்ப்புலயே போடச் சொல்லுதாரு."

"அப்ப கிளாம்ப்புலயே நிக்க வையும்."

நிற்க வைக்கப் பசை தடவினான். இந்த நூலில் எந்தப் பசையும் ஒட்டாது என்பதை ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவனே அவன்தான். பசை நூலை விட்டுவிட்டு அவன் கட்டைவிரலைக் கிளாம்ப்போடு ஒட்டியது. கொட்டகையைக் கூட்டித் துடைக்கும் மாரித்தாய் வெந்நீர் ஊற்றிப் பிரித்துவிட்டாள்.

அடுத்து உப்புத்தாளை மடித்து இடையில் கொடுத்தான். நூல் வழுக்கவில்லை. உப்புத்தாளே அதை அறுத்தது. திரையில் பத்தொன்பது.

சென்னைக்காரர் அதைக் குறித்துக்கொண்டார். "சரி, உங்க உருளையிலயே சுத்துங்க."

சுற்றினான். இருபத்தேழில் அறுந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து பத்து முறை இழுத்தும் இதே இருபத்தேழுதான். பதினொன்றாவது முறை கடவுள் மனம் மாறுவார் என்று நம்பியிருந்தான். துபாய்க் கண்காட்சியிலிருந்து துல்கர்னைன் கொண்டுவந்து, அதே மாதிரி பாபினில் சுற்றிவைத்திருந்த வெளிநாட்டு நூலோ ஒவ்வொரு முறையும் முப்பத்தெட்டு. அவன் தூக்கத்தைக் கெடுத்ததே அந்த முப்பத்தெட்டுதான்.

"பாபின் மாறிட்டு போல சார். ஒரு நிமிஷம்."

அலமாரிக்கு ஓடினான். பூஜைக்குத் துடைத்தபோது நனைந்து, பிறகு கழன்று விழுந்த பாபின் பெயர்ச்சீட்டுகளை அன்று மாலை அவனே திரும்ப ஒட்டியிருந்தான். அதனால் இப்போது லேசாகப் பிரிந்து வந்தன. வெளிநாட்டு பாபினின் விளிம்பில் ஒரு குங்குமப் பொட்டு. துபாய்க்காரனுக்கும் பூஜை நடந்திருக்கிறது! சிரிக்க நேரமில்லை. சீட்டுகளை மாற்றி ஒட்டினான்.

முப்பத்தெட்டு.

சென்னைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். துல்கர்னைன் லாட்ஜ் பிளானை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இதத்தானவே இம்புட்டு நாளா ஒளிச்சு வச்சிருந்தீரு?"

"ஒரே ஒரு கையெழுத்து," என்று சென்னைக்காரர் தாளை நீட்டினார். இந்த நூல் இங்கேயே, என் கையால் தயாரிக்கப்பட்டது என்று அதில் அச்சிட்டிருந்தது. "இந்தக் கயித்துல மனுஷங்க தொங்கப்போறாங்க. அதுக்காகத்தான்."

நம்பிராஜன் பேனாவைத் திறந்தான். ஏதோ ஒரு பாறை விளிம்பில், இருபத்தேழு கிலோவே தாங்கும் நூலில் முறுக்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரோ தொங்குவது தெரிந்தது. பேனாவை மூடினான்.

"சார்... இது எங்க நூல் இல்ல. வெளிநாட்டுச் சரக்கு. நாந்தான் சீட்ட மாத்தி ஒட்டுனேன்."

சென்னைக்காரர் தாளை நான்காகக் கிழித்தார். "இந்தக் கம்பெனி பேரை இனி எங்ககிட்ட யாரும் சொல்லக்கூடாது," என்றுவிட்டுக் குளிக்கப் போனார்.

துல்கர்னைன் பிளானை மறுபடி விரித்தார். "நாளையில இருந்து வராண்டாம்வே. எம் பேரக் கெடுத்துட்டீரே."

நம்பிராஜன் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டான். மூன்று வருடம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. பொய்யில் கையெழுத்துப் போடவில்லை என்ற ஆறுதல் ஒன்றுதான் மிச்சம்.

"யக்கா, அந்த வெளிநாட்டு பாபின மொதலாளிட்ட குடுத்துருங்க."

மாரித்தாய் பொட்டில்லாத பாபினை எடுத்தாள்.

"அது நம்ம நூலுக்கா. பொட்டு வச்சிருக்குல்லா, அதான் வெளிநாடு."

மாரித்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சார் சொல்லுதிய? சீட்டு கழண்டு விழுமுன்னாலயே நான் பொட்டு வச்சிட்டேன்லா, அதுவும் நம்ம சரக்குக்கு மட்டுந்தான். வெளிநாட்டுக்காரனுக்கு எதுக்குப் பூசை?"