கேப்டனைக் கூட்டிவரப் போன மேடம்

“கையுறை கேட்டா இடது கைக்கு மட்டும் அனுப்பியிருக்கீங்களே, எங்க டாக்டருங்களுக்கு ரெண்டு கை இருக்குங்க!”

மருத்துவமனைக் கிடங்கின் அதிகாரியான மேடம் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, மருந்தாளுநர் பெண் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

“மேடம், சார் ரிட்டையர் ஆயிட்டாராம்.”

“பெரிய டாக்டரா? அவருக்கு இன்னும் சர்வீஸ் இருக்கே?”

“அவர் இல்ல மேடம். உங்க வீட்டு சார். வெளிய டிவியில சொல்றாங்க.”

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கு மேடம் ஓடினார். சுவரில் மாட்டியிருந்த டிவியில், வியர்வை சொட்டச் சொட்ட, அவருடைய கணவர் நின்றிருந்தார். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் கால்பந்தை விடாத மனிதர். நாடே அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும்.

“இதுதான் என் கடைசி ஆட்டம்” என்றார் கேப்டன். “வெள்ளத்துல வீடு வாசல் போனவங்க மேட்டுல முகாம் போட்டு இருக்காங்க. அவங்களோட தங்கி வேலை செய்யப் போறேன். நாளைக்குக் கிளம்பறேன்.”

“எவ்வளவு நாளைக்கு சார்?” என்று ஒரு மைக் கேட்டது.

“தேவைப்படற வரைக்கும்.”

காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். மேடத்துக்கு அழுகை வரவில்லை, மூச்சே வரவில்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அந்த மனிதர் பேசியது ஒரே ஒரு வாக்கியம். ‘என் துண்டு எங்கே?’ துண்டு அவர் தோளில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கேப்டன் படுக்கையறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“சொன்னேனேம்மா.”

“எப்ப?”

“டிவியில.”

“அது ஊருக்குச் சொன்னது. எனக்கு எப்ப சொன்னீங்க?”

“நீயும் ஊர்லதானே இருக்கே.”

மேடம் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். கேப்டன் மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“வெளியூர் ஆட்டம் முடிஞ்சு வரும்போது எங்க பஸ் அந்த மேட்டுக்கிட்ட பஞ்சர் ஆச்சு. டயர் மாத்தற வரைக்கும் இறங்கி நின்னேன். ஒரு பொண்ணு, கைக்குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்தா. ‘நீங்க டாக்டரா?’ன்னு கேட்டா. இல்லம்மா, நான் பந்து விளையாடறவன்னேன்.” மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். “அவ அப்படியே திரும்பிப் போயிட்டா.”

மேடம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு கேட்டார்.

“சரி, நீங்க போனா மட்டும் டாக்டர் ஆயிடுவீங்களா? உங்களுக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியுமா?”

“கத்துக்கறேன்.”

“முழங்கால் இருக்கிற லட்சணத்துல?”

“ஓடத்தான் முடியாது. நடக்கலாம்ல?”

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று மேடத்துக்குப் புரிந்துபோயிற்று. உடனே கோச்சுக்குப் போன் போட்டார்.

கோச் என்றால் ஆட்டக்காரர்கள் நடுங்குவார்கள். அவர் சத்தம் போட்டால் மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும் புறாக்கள் பறக்கும். வந்தார், கேப்டனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சத்தமே இல்லை. வெளியே வந்தபோது கோச்சின் கண்கள் சிவந்திருந்தன.

“என்ன சார், சம்மதிச்சாரா?”

“நானே ஒரு மாசம் போயிட்டு வரலாமான்னு யோசிக்கிறேன் மேடம்.”

அதோடு விட்டிருக்கலாம். வாசலில் காத்திருந்த பத்திரிகைக்காரர்களைப் பார்த்ததும் அவருக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. “கேப்டனோட அஞ்சாம் நம்பர் சட்டையை இனிமே எங்க கிளப்புல யாரும் போட மாட்டாங்க! அதைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம்!” என்று முழங்கினார்.

இனி கேப்டன் மனம் மாறினாலும் போட்டுக்கொள்ளச் சட்டை கிடையாது.

மேடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசி நம்பிக்கையாக மாமியாருக்குப் போன் போட்டார்.

“அத்தை, நீங்க உடனே வரணும். வந்து கொஞ்சம் அழணும்.”

“எவ்வளவு நேரம்மா?”

“அவர் பெட்டியைப் பிரிக்கிற வரைக்கும்.”

மாமியார் வந்தார். நன்றாகவே அழுதார். கேப்டன் சட்டையைத் திரும்ப அலமாரியில் வைக்கிற அளவுக்கு அழுதார். அந்த நேரம் பார்த்து வாசலில் கேமராக்காரர், “கேப்டனோட அம்மா வந்திருக்காங்களாமே?” என்று குரல் கொடுத்தார். மாமியார் சட்டென்று கண்ணைத் துடைத்து, தலையை வாரிக்கொண்டு வெளியே போனார்.

“என் புள்ள சின்ன வயசுலயே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல தன் பென்சிலை எல்லாருக்கும் கொடுத்துட்டு வந்துடுவான்.”

அவர் உள்ளே வந்ததும் மேடம் கேட்டார். “என்ன அத்தை, அவர் பென்சிலைத் தொலைச்சுட்டு வருவார்னுதானே என்கிட்ட சொன்னீங்க?”

“டிவியில அப்படிச் சொல்ல முடியுமாம்மா?”

மாமியார் டிவியில் சொன்னது அது மட்டும் இல்லை. உதவ விரும்புகிறவர்கள் பொருள்களை இந்த வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் தெருவே கூடத்துக்குள் வந்து இறங்கிவிட்டது. ஒற்றைச் செருப்பு, ஓடாத மிக்சி, கை இல்லாத கோட்டு. யாரோ ஒரு புண்ணியவான் வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு நீச்சல் உடை கொடுத்திருந்தார்.

குவியலைப் பார்க்கப் பார்க்க மேடத்துக்கு உடம்பெல்லாம் அரித்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். உருப்படியானது ஒரு பக்கம், குப்பை ஒரு பக்கம், குழந்தைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று மூட்டைகள் மளமளவென்று எழுந்தன. கேப்டன் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

“என்ன பார்வை?”

“சும்மா” என்றார் கேப்டன்.

இனி ஒரே வழிதான். மேடம் முகாமின் டாக்டரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார்.

“டாக்டர், உங்களுக்கு ஒரு ஆள் வர்றாரே, அவர் எதுக்கும் லாயக்கில்லாதவர். மனைவி நான் சொல்றேன், நம்புங்க. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு துண்டு எங்கேன்னு கேப்பார்.”

“பரவாயில்லம்மா. இங்க துண்டே கிடையாது” என்றார் டாக்டர்.

“வேலை சொன்னா தப்புத் தப்பாச் செய்வார்.”

“நாங்களும் அப்படித்தாம்மா செஞ்சிட்டிருக்கோம். மருந்தெல்லாம் சைக்கிள் கொட்டகையில குவிஞ்சு கிடக்கு. எதுல என்ன இருக்குன்னே தெரியல.”

“கொட்டகையிலயா? வெயில் படாதா? இன்சுலின் எங்க வச்சிருக்கீங்க?”

“அதுவும் அங்கதான்...”

மேடம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு எதை எங்கே வைக்க வேண்டும் என்று படபடவென்று பேசத் தொடங்கினார். பேசி முடித்தபோதுதான் எதற்காகப் போன் செய்தோம் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் டாக்டர், “ரொம்ப நன்றிம்மா, சாரை லாரியில அழைச்சுட்டு வந்துடறோம்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. மேடம் அடுக்கிய மூட்டைகளும் கேப்டனும் ஏறினார்கள். மாமியார் கையசைத்தார். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனார். கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழவும் செய்தார்.

அதன்பிறகு போன்மேல் போன்.

“ஏம்மா, பஞ்சும் பினாயிலும் ஒரே பெட்டியில வைக்கலாமா?”

“வைக்கவே கூடாது!”

“வச்சுட்டேனே.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். “ஏம்மா, மாத்திரைப் பெட்டியையெல்லாம் கலர் பார்த்து அடுக்கிட்டேன். பார்க்க ரொம்ப அழகா இருக்கு.”

“ஐயோ, பேரைப் பார்த்து அடுக்கணுங்க! காலாவதி தேதியைப் பார்க்கணும்!”

“அப்படியா? எல்லா மேல் அட்டையையும் கழட்டிட்டேனே. இடத்தை அடைச்சுது.”

மேடம் ஆஸ்பத்திரியில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தார். கடைசி அடி டிவியில் வந்து விழுந்தது. செய்தியில் கேப்டன் ஒரு பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்து ஆனந்தமாகச் சிரித்தபடி நடந்தார். கண்ணாடிக் குப்பிகள் இருக்கும் பெட்டி. ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறி தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

“அடப்பாவி மனுஷா!” என்று மேடம் அலறியதில் கூடத்தில் இருந்த நோயாளிகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மகளின் பட்டமளிப்பு விழாவுக்கே அரை நாள் மட்டுமே லீவு போட்டவர் மேடம். தான் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி அப்படியே நின்றுவிடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அப்படிப்பட்டவர் பெரிய டாக்டரிடம் போய், “எனக்கு லீவு வேணும். என் வீட்டுக்காரர் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரணும்” என்றார். பெரிய டாக்டர் அதிர்ச்சியில், எத்தனை நாள் என்று கேட்கக்கூட மறந்து தலையாட்டினார்.

வழியெல்லாம் சொல்லவேண்டியதை மேடம் மனப்பாடம் செய்துகொண்டே காரை ஓட்டினார். ஆனால் மேட்டில் இறங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று. கண்ணுக்கெட்டிய தூரம் தார்ப்பாய்கள். கொட்டகை முன்னால் நீண்ட வரிசை. உள்ளே டாக்டர் முழங்காலிட்டுப் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார். வரிசையின் முன்னால் ஒரு பெரியவர் கண் சொருகி உட்கார்ந்திருக்க, அவர் மகள் தாங்கிப் பிடித்திருந்தாள்.

“சர்க்கரை வியாதியா? குளூக்கோஸ் எங்க?” என்றார் மேடம்.

“அதைத்தாம்மா தேடறேன்!”

மேடம் கைப்பையைத் தூக்கிப் போட்டார். பெட்டியின் கனத்தையும் மூலையிலிருந்த முத்திரையையும் பார்த்தே மூன்றாவது அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்துப் பிரித்தார். குளூக்கோஸ்தான். டாக்டர் பெரியவர் பக்கம் பாய்ந்தார்.

அப்புறம் மேடத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை. “நீங்க ரெண்டு பேரும் இந்தச் சுவரைக் காலி பண்ணுங்க. தம்பி, அந்தத் தார்ப்பாயை வெயில் வர்ற பக்கம் கட்டுங்க. யாரும் எதையும் கலர் பார்த்து அடுக்கக் கூடாது!” சிதறிக் கிடந்த ஆள்கள் அணியாக மாறினார்கள். வெயில் தாழும்போது கொட்டகை கொட்டகையாக இல்லை, கிடங்காக இருந்தது. வரிசை கரைந்துவிட்டது. கண் சொருகிக் கிடந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தண்ணீர்க் குடங்களோடு கேப்டன் வந்தார். மேடத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

“வந்துட்டியா?”

“உங்களை இழுத்துட்டுப் போக வந்தேன். ஏறுங்க காருல!”

“சரிம்மா” என்று சாதுவாகச் சொல்லிவிட்டு, கேப்டன் குடங்களோடு நொண்டி நொண்டிச் சமையல்கூடத்துப் பக்கம் போனார். பின்னாலேயே ஒரு குழந்தைப் பட்டாளம் போயிற்று.

முகாமின் சமையல்கார அம்மா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து மேடத்தின் கையில் கொடுத்தார்.

“முதல்ல இதைக் குடிங்கம்மா.”

“நான் கிளம்பணும், எனக்கு நேரமில்லை” என்றார் மேடம், டம்ளரை வாங்கிக்கொண்டே.

சமையல்கார அம்மா சிரித்தார்.

“உங்க கூடாரம் அவர் வந்த அன்னைக்கே கட்டியாச்சும்மா. ‘எனக்குப் பந்து உதைக்க மட்டும்தான் தெரியும், கொஞ்சம் பொறுங்க, வேலை தெரிஞ்சவங்க என்னைத் திட்டிக்கிட்டே பின்னால வருவாங்க’ன்னு சார் லாரியைவிட்டு இறங்கும்போதே சொல்லிட்டாரே!”