பரஞ்சோதியின் காது

லூனாஸ் வட்டாரத்தில் காது உள்ளவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். ஆனால் தன் காதை நினைத்துப் பெருமைப்பட்டவர் பரஞ்சோதி ஒருவர்தான்.

கூலிமில் உள்ள கையுறைத் தொழிற்சாலையில் அவருக்கு இயந்திரப் பராமரிப்பு வேலை. ஓடிக்கொண்டிருக்கும் மிஷின் பக்கத்தில் போய் நிற்பார். தலையைச் சாய்ப்பார். கண்ணை மூடுவார். "உள் பேரிங் போச்சு" என்பார். பாதி நேரம் அது சரியாக இருக்கும். மீதி நேரத்தைப் பற்றி அவர் வீட்டில் வந்து சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் தன் காருக்கு அட்ஜஸ்டபல் அப்சார்பர் வாங்கினார். அதாவது, வேண்டிய உயரத்துக்குக் காரை ஏற்றலாம், இறக்கலாம். பரஞ்சோதி ஏற்றுவதற்காக வாங்கவில்லை. இறக்கினார். எவ்வளவு இறக்கினார் என்றால், காருக்கு அடியில் தினமும் படுத்துத் தூங்கும் பூனை, இடம் போதாமல் எதிர்வீட்டுக் காளிதாசன் காருக்குக் குடிபெயர்ந்தது.

வொர்க்‌ஷாப்பில் கொடுத்து மாட்டியிருக்கலாம். "என் கார்ல அடுத்தவன் கை படுறதா?" என்று சொல்லிவிட்டு, வீட்டு வாசலிலேயே போட்டுத் தானே மாட்டினார். காளிதாசன் பக்கத்திலுள்ள செம்பனைத் தோட்ட ஆபீஸில் கிளார்க். அன்று அவர் வந்து டார்ச் பிடித்தார். வேலை முடிந்ததும் பரஞ்சோதி நான்கு கோணத்தில் படம் எடுத்துத் தங்கள் குடியிருப்பான தாமானின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லாப் படத்திலும் காரும் இருந்தது, அவரும் இருந்தார்.

இரண்டு நாள் கார் பட்டாக ஓடியது. மூன்றாம் நாள் மனைவி குணசுந்தரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாமான் வாசலில் இருக்கும் பொங்கோல் என்ற வேகத்தடையில் ஏறி இறங்கினார்.

டொக்.

"என்னங்க, டொக்குன்னுச்சே?"

"உன் வளையலா இருக்கும்."

"இன்னிக்கு நான் வளையலே போடல."

"அதான். வளையல் சத்தம் இல்லாததால மத்த சத்தமெல்லாம் கேக்குது."

குணசுந்தரி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பேசவில்லை. அடுத்த பொங்கோல் பேசியது. டொக்.

அன்றிலிருந்து பரஞ்சோதிக்கும் அந்த டொக்குக்கும் போர் மூண்டது. முதலில் பின்னால் கிடந்த குடையை எடுத்தார். டொக். ஜாக்கியை இறக்கினார். டொக். ஸ்பேர் டயரை இறக்கி வாசலில் வைத்தார். டொக். குணசுந்தரி டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் மேல்கூட ஒரு நாள் சந்தேகப்பட்டுக் கையை நீட்டினார். "தொட்டுப் பாருங்க" என்றாள் அவள். தொடவில்லை.

பிறகு பார்ட்ஸ் மாற்றும் படலம். லிங்க் ராட் மாற்றினார். மவுண்டிங் மாற்றினார். ரப்பர் புஷ் எல்லாம் மாற்றினார். ஒவ்வொரு முறையும் டொக் இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. சாப்பாட்டு மேசையில் போனைத் தம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு, உலகத்தில் எவன் எவன் காரெல்லாம் எப்படி எப்படிச் சத்தம் போடுகிறது என்று வீடியோ பார்த்தார். ரசம் ஊற்றிய குணசுந்தரியும் வேறு வழியில்லாமல் கேட்டாள்.

இதற்கிடையில் குணசுந்தரிக்கும் ஒரு பிரச்சினை இருந்தது. அவள் கல்யாணப் புடவைகளுக்குக் கொசுவம் மடித்துக் கொடுப்பவள். மணப்பெண் இடுப்பில் சுற்றிக்கொண்டால் போதும், கொசுவமும் முந்தானை மடிப்பும் கத்தி மாதிரி நிற்கும். பாடாங் செராயிலிருந்து சுங்கை பட்டாணி வரை அவள் கைக்குப் பேர் இருந்தது. ஆனால் மடித்த புடவைகளை அவள் மோட்டார் சைக்கிளில்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். மழை வந்தால் கத்தி மடிப்பு கந்தல் மடிப்பாகிவிடும். கார் லைசன்ஸ் அவளிடம் இருந்தது. காரும் வீட்டில் இருந்தது. நடுவில் பரஞ்சோதி இருந்தார்.

ஒரு நாள் மாலை அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தாள். எதிர்வீட்டு வாசலில் காளிதாசன் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பண்டார் பாருல ஒரு பெரிய கல்யாண ஆர்டர் வந்திருக்கு. பொண்ணுக்கு, பொண்ணோட அம்மாவுக்கு, தோழிப் பொண்ணுங்களுக்கு, எல்லாருக்கும் புடவை. மோட்டார்ல தூக்கிட்டுப் போக முடியாது. காரைக் குடுங்க."

"சுந்தரி, இது சாதாரணக் கார் இல்ல. அட்ஜஸ்டபல் போட்ட கார். இதை ஓட்டக் கை கால் இருந்தா போதாது. காது வேணும்."

"எனக்கும் ரெண்டு இருக்கே."

"அது தோடு போடுற காது. நான் சொல்றது கேக்குற காது."

"அந்தக் காதை வெச்சுக்கிட்டு இத்தன நாளா அந்த டொக்கை ஏன் கண்டுபிடிக்கல?"

எதிர்வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. காளிதாசன் குழாயைத் தன் கால்மேலேயே பிடித்தபடி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளை ஒருவன் பார்க்கும்போது பரஞ்சோதியால் சும்மா இருக்க முடியாது. துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி. காளி, நீயும் கேட்டுக்கோ! ஞாயித்துக்கெழம காலையில மூணு பேரும் கார்ல போறோம். அந்தச் சத்தம் எங்க இருந்து வருதுன்னு யார் சரியாச் சொல்றாங்களோ, சாவி அவங்க கையில. சுந்தரி சொல்லிட்டா, நான் கம்பெனி பஸ்லயே வேலைக்குப் போய்க்கிறேன்."

"காளி அண்ணே, கேட்டீங்களா?" என்றாள் குணசுந்தரி.

"கேட்டேன் தங்கச்சி. எனக்கும் காது நல்லாத்தான் இருக்கு."

பரஞ்சோதி அந்த வாரம் முழுக்க நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தார். ஜெயித்தவனின் நடை அப்போதே வந்துவிட்டது. காரைத் தொடவில்லை; வேலைக்குக்கூடக் கூட்டாளி ஒருவரின் மோட்டார் சைக்கிளில்தான் போனார். போட்டிக்கு முன்னால் தொட்டால் அது அழுகுணி ஆட்டம் என்று காளிதாசனிடம் பெருந்தன்மையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பரஞ்சோதி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சத்தம் கண்டுபிடிக்க வெள்ளைச் சட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"ஓட்டுறவனுக்கு ஸ்டியரிங்ல கவனம் போயிடும். நெசமான சத்தம் கீழ இருந்துதான் வரும். சுந்தரி, நீ ஓட்டு. காளி முன்னால உக்காரட்டும். நான் பின்னால படுத்துக் கேக்குறேன்."

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள் குணசுந்தரி. இந்தக் கல்யாண வாழ்க்கையில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அப்போதாவது பரஞ்சோதி உஷாராகியிருக்கலாம். ஆகவில்லை. பின்சீட்டை மடக்கிவிட்டு, ஸ்பேர் டயர் இருந்த இடத்தில் தலையும் காளிதாசன் சீட்டுக்குப் பின்னால் காலுமாகப் படுத்து, காதைத் தரையில் ஒட்டவைத்தார்.

குணசுந்தரி செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைக்குக் காரை விட்டாள். பழக்குலை ஏற்றும் லோரிகள் உழுது போட்ட சாலை அது. அப்சார்பர் இறுக்கம். சாலை பள்ளம். நடுவில் பரஞ்சோதி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் உடம்பு தனியாகவும் உயிர் தனியாகவும் ஏறி இறங்கின.

"கேக்குதாங்க?"

"ஆ... கேக்குது! டொக்! இடது பக்கம்!"

"எனக்கு ஒன்னும் கேக்கலையே" என்றார் காளிதாசன்.

"உன் காது ஆபீஸ் காது. ஏர்கோன் சத்தத்துல வளர்ந்த காது. இதோ, மறுபடியும்! பின்னால இடது. மவுண்டிங்தான்!"

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க, அவசரமே இல்ல" என்று குணசுந்தரி ஒரு பெரிய பள்ளமாகப் பார்த்து மெதுவாக இறக்கினாள்.

"அம்மா! இது வேற! இது கனமான டொக். லோவர் ஆர்ம்! வலது! ரெண்டு சத்தம் சுந்தரி, ரெண்டு! இத்தன நாளா ஒன்னுன்னு நெனச்சதாலதான் பிடிபடல."

"மூணாவது ஏதாவது இருக்கா?"

பரஞ்சோதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இருக்கு. லேசா, கிணுகிணுன்னு. சாதாரண மனுசனுக்குக் கேக்காது. அது ஸ்டியரிங் ராக்."

குணசுந்தரி காரை மரநிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண் தூசியோடு பரஞ்சோதி வெற்றிச் சிரிப்புடன் எட்டிப் பார்த்தார்.

"இப்ப உன் முறை. சொல்லு பாப்போம், சத்தம் எங்க இருந்து வருது?"

"எங்க இருந்தும் வரல."

"என்னது?"

"வியாழக்கெழமையே நின்னுபோச்சு. நான்தான் நிறுத்துனேன்."

காளிதாசன் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

"நீங்க வேலைக்குப் போனப்புறம் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, கீழ ஸ்டாண்டு வெச்சேன். ஸ்பிரிங்கைக் கையால பிடிச்சுச் சுத்துனா ராட்டினம் மாதிரி சுத்துது. ஸ்பிரிங்கைத் தாங்க ஒரு வளையம், அது நகராமப் பூட்ட அதுக்குக் கீழ இன்னொரு வளையம். நீங்க மேல் வளையத்தோட நிறுத்திட்டீங்க. கீழ் வளையத்தை இறுக்கவே இல்ல. வலது பக்கம், முன்னால."

"அது... அதை இறுக்கக் கையில ஸ்பேனர் இல்ல சுந்தரி."

"அப்சார்பர் வந்த பெட்டியிலயே கொக்கி மாதிரி ஒன்னு இருந்துச்சே. பிளாஸ்டிக்கூடப் பிரிக்கல."

"அது ஃப்ரீ கிஃப்ட்டுன்னு நெனச்சேன்."

"என் தையல் மிஷின்ல ஊசி ஆடுனா நான் முதல்ல ஸ்க்ரூவத்தான் இறுக்குவேன். நீங்க மிஷினையே மாத்திட்டீங்க."

பரஞ்சோதி காரின் பின்கதவு ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் மெதுவாக, ஒரு நோயாளி டாக்டரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"அப்போ நான் கேட்டேனே மூணு சத்தம்... அதெல்லாம்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அது உங்க காது."

காளிதாசன் இதற்குமேல் தாங்கமாட்டாமல் இறங்கி ஒரு செம்பனை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். குணசுந்தரி கையை நீட்டினாள். பரஞ்சோதி சட்டைப்பையிலேயே வைத்திருந்த இரண்டாவது சாவியும் கைமாறியது.

வேறு ஒருவராக இருந்தால் அன்றே ஊரைவிட்டுப் போயிருப்பார். பரஞ்சோதி அப்படிப்பட்டவர் அல்ல. வீடு வந்து சேர்வதற்குள் அவருக்கு முதுகும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது, பெருமையும் நிமிர்ந்துவிட்டது.

"காளி, ஒன்னு யோசிச்சியா? சத்தம் சாமான்ல இல்ல. அப்போ நான் தேடிப்பிடிச்சு வாங்குனது நல்ல சாமான்தானே? அது ஒன்னு. ரெண்டாவது, சுந்தரி எப்படிக் கத்துக்கிட்டா? நான் சாப்பிடும்போது போட்ட வீடியோ. அப்போ அவளுக்கு வாத்தியார் யாரு?"

காளிதாசன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் பிடித்திருந்தது.

சனிக்கிழமை பண்டார் பாருவுக்குப் புடவைப் பெட்டிகளைச் சுமக்கப் பரஞ்சோதியும் போனார். குணசுந்தரி ஓட்டினாள். வழியில் பெருமழை. பெட்டியில் ஒரு சொட்டுப் படவில்லை. மணப்பெண்ணின் அம்மா கொசுவத்தைத் தடவிப் பார்த்து, "இப்படி ஒரு மடிப்ப நான் பார்த்ததே இல்லம்மா" என்று குணசுந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் பரஞ்சோதிக்கு நெஞ்சு நிஜமாகவே விம்மியது. "என் வீட்டுக்காரிங்க" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், அட்ஜஸ்டபல் அப்சார்பரின் கீழ் வளையத்தை இறுக்குவது எவ்வளவு முக்கியம் என்று பாயசம் வரும்வரை விளக்கினார்.

திங்கட்கிழமை காலையும் வாக்குத் தவறாமல் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். டிரைவர் தேவன் அதே தாமான்தான். பஸ் கொஞ்சம் பழசு. மேட்டில் ஏறும்போதெல்லாம் எங்கோ கடகடவென்றது. பரஞ்சோதிக்குக் கை அரித்தது, அல்லது காது அரித்தது. தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார்.

"தேவன், இந்தச் சத்தம் எங்க இருந்து வருதுன்னு சொல்லவா?"

தேவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாண்ணே, அண்ணிகிட்ட நேத்தே கேட்டுட்டேன். நீங்க வாயை மூடுனா பாதி கொறஞ்சிரும்னு சொன்னாங்க."