இரைப்பைக்கு ரசீது

புதுப் பொருள் கேட்கிறவர் பழைய பொருளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் நியாயமான விதி. அந்த விதியை இருபது வருடமாக ஒரு சொல் பிசகாமல் காப்பாற்றி வந்தவர் சாமான் அறைக் காப்பாளர். எல்லோரும் அவரை ஸ்டோர் சார் என்பார்கள். துப்புரவுக்காரம்மா தேய்ந்த துடைப்பத்தைத் தொலைத்துவிட்டார், நாலு மாதமாக அட்டையை வைத்துத்தான் கூட்டுகிறார். டைப்பிஸ்ட் அம்மாவின் நாற்காலியில் ஒரு கால் உடைந்து, உடைந்த துண்டு குப்பையோடு போய்விட்டது. அன்றிலிருந்து மூன்று கால், ஒரு செங்கல். யார் போய்க் கேட்டாலும் ஸ்டோர் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "பழசு எங்கே?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

அப்பேர்ப்பட்டவரின் எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. அந்தந்த வருடத்து நாகரிகப்படி எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஒரு வருடம் பச்சைச் சாறு, ஒரு வருடம் பொழுது சாய்ந்தால் பட்டினி, ஒரு வருடம் மாவுப் பண்டமே கூடாது. ஒவ்வொரு முறையும் போன எடை துணைக்கு இரண்டு கிலோவைக் கூட்டிக்கொண்டு பத்திரமாகத் திரும்பி வந்தது. சர்க்கரை ஏறியது, அலுவலக வாசலில் உள்ள ஒன்பது படி ஏறினால் மூச்சு வாங்கியது. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருவதை அவர் மனைவி பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அறுவை மருத்துவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். "இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துடுவோம். மிச்சம் ஒரு வாழைப்பழம் மாதிரி குழாயா நிக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சிடும், பசியும் குறையும். ஆனா இது மந்திரம் இல்லை. நிதானமா, கொஞ்சமாத்தான் சாப்பிடணும், ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும். எடுத்ததைத் திரும்ப வைக்கவும் முடியாது."

ஸ்டோர் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எடுத்தது எங்கே போகும்?"

பரிசோதனைக் கூடத்துக்குப் போகும், பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள் என்றார் மருத்துவர். ஸ்டோர் சாரின் முகம் வாடிப்போனது. கத்திக்குப் பயப்படுகிறார் என்று மனைவி நினைத்துக்கொண்டார். அடுத்த மாதம் பதினாலாம் தேதி குறித்துக் கொடுத்தார்கள். அதைத் தவறவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

விடுப்பு விண்ணப்பம் கண்காணிப்பாளரிடம் போனது. அவர் ஆழ்ந்து பரிசீலித்து எழுதினார்: "பணியில் சேர்ந்தபோது மேற்படியாரின் உறுப்புகள் யாவும் முழுமையாக இருந்ததற்குச் சான்று உள்ளது. தற்போது அவற்றுள் ஒன்றில் குறைவு ஏற்படவிருப்பதால், சாமான் அறையின் கருத்தைப் பெற்று அனுப்புக."

கோப்பு ஸ்டோர் சாரின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவர் இரண்டு முறை படித்தார். பிழைத்துக் கிடக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் நிறையவே இருந்தது. ஆனால் பேனா கையில் ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். "மேற்படி இரைப்பையின் பழைய பகுதி ஒப்படைக்கப்பட்டதற்கான ரசீது இணைக்கப்படவில்லை. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். விண்ணப்பதாரரும் அவரே என்பதால், கோப்பு மேசையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போனது. பெற்றுக்கொண்டதற்கும் கையெழுத்திட்டார்.

வீட்டில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். "வெட்டினாத்தானே ரசீது வரும்?"

"ரசீது வந்தாத்தானே அனுமதி வரும்?"

"அப்புறமா ஒப்படைக்கிறேன்னு எழுதிக் குடுங்களேன்."

"இருபது வருஷமா எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. ஒருத்தருக்கும் விட்டதில்லை. எனக்கு மட்டும் விட்டா நல்லா இருக்குமா?"

அந்த அம்மாளுக்கு அழுகை வந்தது. "ரூல்ஸ் இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க" என்றார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு யோசனையும் வந்தது. மறுநாள் கணவருக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பி, அவரை வீட்டிலேயே உட்கார வைத்தார்.

அன்று சாமான் அறைப் பொறுப்பு டைப்பிஸ்ட் அம்மாவுக்கு. கோப்பைப் பிரித்தார். "ஆட்சேபணை இல்லை" என்று எழுத அவருக்கு முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை.

பதினாலாம் தேதி அறுவை நல்லபடியாக முடிந்தது. திரவம், கூழ், பிறகு கரண்டிக் கணக்கில் சாப்பாடு. ஆறு வாரத்தில் இருபது கிலோ குறைந்து, ஒன்பது படியையும் ஒரே மூச்சில் ஏறி ஸ்டோர் சார் வேலைக்கு வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். துப்புரவுக்காரம்மா கையில் புதுத் துடைப்பம். டைப்பிஸ்ட் அம்மா நாலு கால் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"பழசு எங்கே?" என்றார்.

டைப்பிஸ்ட் அம்மா அவருடைய கோப்பையே எடுத்து, அவர் கைப்பட எழுதிய பக்கத்தைப் பிரித்து வைத்தார். "உங்க பழசு எங்கே சார்?"

மதியம் நாலு கரண்டிச் சாப்பாட்டை அரைமணி நேரம் மென்றபடி அவர் யோசித்தார். மாலையில் அறிவிப்புப் பலகையில் ஓர் உத்தரவு ஒட்டப்பட்டது: "உடலின் உட்புறம் உள்ள பொருட்களுக்கு மட்டும் பழையதை ஒப்படைப்பதிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. துடைப்பம், நாற்காலி முதலியவற்றுக்கு இது பொருந்தாது." துடைப்பமும் நாற்காலியும் அன்றே சாமான் அறைக்குத் திரும்பின.

மறுநாள் காலை முதல் ஆளாக விண்ணப்பத்தோடு வந்து நின்றது துப்புரவுக்காரம்மா. எடை நாற்பது கிலோ இருந்தால் அதிகம்.

"உனக்கு எதுக்கும்மா இந்த ஆபரேஷன்?"

"இந்த ஆபீஸ்ல பழசைக் கேக்காம குடுக்கிறது இது ஒண்ணுதானே சார். இதாவது கிடைக்கட்டும்."

அவருக்குப் பின்னால் டைப்பிஸ்ட் அம்மா, அவருக்குப் பின்னால் கண்காணிப்பாளர், அதற்கும் பின்னால் படிக்கட்டு வரைக்கும் வரிசை. ஸ்டோர் சாருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எல்லாவற்றையும் முறைப்படி பதிந்துகொள்ளப் புதுப் பதிவேடு ஒன்றை எடுக்க அலமாரிப் பக்கம் கையை நீட்டினார். இந்த இனத்துக்குப் பழைய பதிவேடு இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையை மடக்கிக்கொண்டார்.