எரியாத தோள்

2004-இல் சுருளிப்பட்டியில் திராட்சையைவிட வேகமாகப் போனது கனல் எண்ணெய்.

மயிலாடும்பாறையிலிருந்து வந்த சின்னச்சாமி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர்கள் தோளில் அந்தச் சிவப்பு எண்ணெயைத் தேய்ப்பார். ஐந்து நிமிடத்தில் தோள் தீயாய் எரியும். "அம்மா எறங்கிட்டா. வலிய எரிச்சுப்புடுவா" என்பார். தட்சணை ஒரு கூடை திராட்சை. வரிசை வாய்க்கால் பாலம்வரை நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பந்தலில் கொடி கட்டுகிற ஊர். தோள்வலி இல்லாதவர்கள் முதலாளிகள் மட்டும்தான்.

வரிசையில் முதல் ஆள் மூக்கம்மாள். வலது தோளில் வலி. மற்றவர்கள் எப்போதாவது வந்தால், அவள் மூன்று வாரமாகக் காலையும் மாலையும் வந்து தேய்த்துக்கொண்டாள். வலி குறைந்தது. பக்தி கூடியது.

அப்போதுதான் அவள் வேலை செய்யும் பாண்டீஸ்வரன் தோட்டத்தில் மோட்டாரின் காப்பர் வயர் களவு போனது. ஸ்டேஷனுக்குப் போனால் அலைய வேண்டும். பாண்டீஸ்வரன் சின்னச்சாமியிடம் போனார்.

"நெசக்காரன் தோளு எரியும். களவாணி தோள அம்மா தொடமாட்டா" என்றார் சாமி.

பதினாறு கூலியாட்கள் வலது தோளைக் காட்டினார்கள். பதினைந்து பேர் துள்ளினார்கள்.

"ஒனக்கு எரியலையா ஆத்தா?" என்றார் சாமி, மூக்கம்மாளிடம்.

"லேசாக் கதகதன்னு இருக்கு சாமி." மூக்கம்மாளுக்குப் பொய் சொல்ல வராது.

"பொழுது சாயறதுக்குள்ள வயரக் கொண்டாந்து போட்ரு. இல்லாட்டி எந்தத் தோட்டத்துலயும் ஒனக்கு வேலை இல்ல" என்றார் பாண்டீஸ்வரன்.

அவளுடைய அக்கா மகள் வேல்விழி விலங்கியல் படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. கூட்டத்தில் நின்றவள் நேரே வீட்டுக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு சீசாவோடு வந்தாள்.

"சாமி, சித்திக்கு எடது தோள்ல தேய்ங்க."

தேய்த்தார். சற்று நேரத்தில் மூக்கம்மாள் நெளிந்தாள். "ஏ ஆத்தி, எரியுதுடி."

"அப்ப எடது தோளு யோக்கியம், வலது தோளு களவாணியா?"

"களவாண்டது வலது கைதான" என்றார் சாமி அசராமல்.

கூட்டம் தலையாட்டியது. ஆட்டுவதற்குத்தானே தலை.

"தேய்க்கிற ஒங்க கை ஒரு மாசமா எரியலையே. நீங்க என்னத்தக் களவாண்டீக?"

"எனக்கு அம்மா அருளு."

"அப்ப சித்திக்கும் அருளுதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வேல்விழி சீசாவைத் திறந்தாள். "முதலாளி, கழுத்தக் காட்டுங்க."

சிறிது நேரத்தில் பாண்டீஸ்வரன் குதித்தார். "அம்மா எறங்கிட்டாடா."

"எங்க வீட்டு மிளகா வத்தலும் நல்லெண்ணெயும். அடுப்புல வச்சுக் காச்சுனேன். அம்மாவ நான் கூப்பிடவே இல்ல."

சாமி பையைத் தேடினார்.

"நரம்பு நுனியில சின்னச் சின்ன வாசல் இருக்கு" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "சூடு பட்டாத் தொறக்கும். அயனிக உள்ள பாயும். நரம்பு தீன்னு சொல்லும். மிளகா காரத்துக்கும் அதே வாசல்தான். தெனம் தட்டுனா நரம்பு அசந்துரும். அப்பறம் எரியாது. வலியச் சொல்றதும் அந்த மாதிரி நரம்புகதான், அதான் வலியும் கொறையுது. சித்தி செஞ்ச குத்தம், இவரை ரொம்ப நம்புனதுதான்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் சாமி கம்பம் பஸ்ஸில் ஏறிவிட்டார். திராட்சைக் கூடைகளை மறக்கவில்லை.

பாண்டீஸ்வரன் குழாயடியில் கழுத்தைக் கழுவினார். தண்ணீர் பட்டும் எரிச்சல் அடங்கவில்லை. "நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார் மூக்கம்மாளின் முகத்தைப் பார்க்காமல்.

வயர் எடுத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. தோள் எரிந்து யோக்கியன் என்று பெயர் வாங்கிய பதினைந்து பேரில் அவனும் இருக்கலாம். தோளை எரிய வைக்க நாலு மிளகாய் போதும். ஒருத்தியைத் திருடி என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் மூளையும் வேண்டும். அது தட்சணை கேட்காமல் எல்லோர் தலைக்குள்ளும் சும்மாதான் கிடக்கிறது.