தண்டனைப் பலகையில் உங்கள் பெயர்

மதிப்பிற்குரிய மைத்துனர் மாக்னஸ் அவர்களுக்கு,

வின்னிபெக்கிலிருந்து எய்னார் எழுதுவது. இங்கு நான் நலம். அதாவது உடம்பு நலம். கல்கரியில் நீங்களும் மகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் புது இடுப்பு மூட்டு படியேறும்போது முனகுவதில்லை என்றும் நம்புகிறேன். சனிக்கிழமை ஐஸ் ஹாக்கித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தை நம் மதுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்க விமானச் சீட்டு வாங்கிவிட்டதாக நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி கிடைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நடுவில் தைரியம் போய்விடும் என்பதால் சொல்ல வேண்டியவற்றை முன்னமேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உங்கள் பெயரை நான் திருடியது.
2. வானொலி.
3. புதன்கிழமை ஆறாவது ஆட்டத்தில் நடந்தது.
4. ஆகவே நீங்கள் தயவுசெய்து வர வேண்டாம் என்பது.

முதலாவது. உங்கள் அக்கா சோல்வேக் என்னை விட்டு இறந்துபோன அந்தக் குளிர்காலத்தில், நீங்கள் கல்கரிக்குக் கிளம்பும்போது உங்கள் பெயர் முதுகில் பொறித்த நம் அணியின் நீலச் சட்டையை என் கையில் திணித்து, “வீட்ல உக்காந்து ஃபிரிட்ஜ் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க அத்தான். ‘கிழட்டுக் கரடி’ பாருக்குப் போங்க. என் ஸ்டூல் காலியா இருக்கு. யாரும் கடிச்சிட மாட்டாங்க” என்றீர்கள். போனேன். உள்ளே நுழைந்ததுமே முதலாளியம்மா டாரியா, “வாங்க மாக்னஸ், வழக்கமா குடிக்கிறதுதானே?” என்றாள். நான் மாக்னஸ் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கறுப்பு பீர் வந்துவிட்டது. எனக்குக் கறுப்பு பீர் பிடிக்காது. இரண்டு குளிர்காலமாக அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடம் உங்களைப் பார்த்த பெண் எப்படி என்னை நீங்கள் என்று நினைத்தாள் என்று அப்போதே யோசித்தேன். இருவருக்கும் வழுக்கை, இருவருக்கும் தாடி, அங்கே விளக்கும் மங்கல் என்று காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் திருத்தலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு திருத்தினால் முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம். இப்படியே நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஓடிவிட்டன.

இரண்டாவது. என் நெஞ்சு பதற்றம் தாங்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே சட்டைப் பையில் சின்ன வானொலி, காதில் ஒரு ஒயர். எல்லோரும் அதைக் காது கேட்கும் கருவி என்று நினைத்துக்கொண்டு என்னிடம் கத்திப் பேசினார்கள், நானும் மறுக்கவில்லை. வானொலியில் கேட்பது அங்குள்ள திரையில் தெரிய இருபத்திரண்டு நொடி ஆகிறது. மூன்று மாலைகள் கடிகாரம் வைத்து அளந்தேன். எதிரணி கோல் போட்டால் இருபத்திரண்டு நொடியில் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் பக்கத்து ஸ்டூல் ரௌனோ, பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர், ஒருநாள் மேசையைத் தட்டி எழுந்தார். “டேய், கவனிச்சீங்களா? நம்ம மாக்னஸ் கண்ணாடியக் கழட்டினா நம்மளுக்கு அடி. கிளாஸக் கீழ வச்சா நம்ம கோல். பெருசு எல்லாத்தையும் முன்னாடியே மோப்பம் பிடிக்குதுடா!” அதிலிருந்து என் முகத்துக்கு எதிரே உட்காரப் போட்டி. முப்பத்தொரு வருடம் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தேன், மாக்னஸ். புயல் வரும் என்று நான் சொல்லி ஒருவர்கூடக் குல்லாய் எடுத்துக்கொண்டு போனதில்லை. சோல்வேக் கூட ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவாள். இங்கே நான் மூக்கைச் சொறிந்தால் நாற்பது பேர் மூச்சைப் பிடித்தார்கள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கு இனித்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

மூன்றாவது. புதன்கிழமை தோற்றால் நம் அணி தொடரைவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்ற நிலை. கோல்கள் இரண்டுக்கு இரண்டு. கூடுதல் நேரம்; முதல் கோல் போடுபவருக்கே வெற்றி. கூடத்தில் ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அப்போது காதுக்குள் நம் அணி கோல் போட்டுவிட்டது! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான், ஆனால் சந்தோஷத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று இரண்டு வருடமாக அங்கு யாரும் பார்த்ததில்லையே. “போச்சுடா! பெருசு அழுவுது!” என்று ஒரு குரல். ஐயோ என்று கூடமே சரிந்தது. பாதிப் பேர் கோட்டை எடுக்கத் திரும்பினார்கள். ரௌனோ என் தோளைப் பிடித்து உலுக்கி, “யோவ் மாக்னஸ், சொல்லுய்யா, நெசமாவா? வாயத் திறந்து சொல்லித் தொலையேன்!” என்றார். அந்த உலுக்கலில் வானொலியிலிருந்து ஒயர் கழன்றது. என் நெஞ்சுக்குள்ளிருந்து வர்ணனையாளர், “கோல்! கோல்! தொடர் இப்போது மூன்றுக்கு மூன்று!” என்று கத்த ஆரம்பித்தார். எல்லோரும் என் சட்டைப் பையை வாய்பிளந்து பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் திரையில் அந்தக் கோல் விழுந்தது. அதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரௌனோ மெதுவாக, “பன்னெண்டு வருஷமா இந்த ஒரு கோலுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன் பெருசு. உன் பாக்கெட்டப் பாத்துக்கிட்டு நின்னுட்டேனே” என்றார். டாரியா கையை நீட்டி வானொலியை வாங்கிக்கொண்டாள். பிறகு சாக்கட்டியை எடுத்துத் தண்டனைப் பலகையில் எழுதினாள்: ‘மாக்னஸ். ஏழாவது ஆட்டம் முழுவதும்.’ பலகையில் பெயர் ஏறினால் உட்கார வேண்டிய, தூணுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெஞ்சு உங்களுக்குத் தெரியும். எதிரணியின் நிறத்தில் உடுத்தி வந்தவர்களும், ஆட்டம் முடியுமுன் வெற்றி என்று சொன்னவர்களும் உட்காரும் இடம். அங்கிருந்து திரை தெரியாது. மற்றவர்களின் முதுகுதான் தெரியும். முப்பது வருடத்தில் நீங்கள் ஒருமுறைகூட அதில் உட்கார்ந்ததில்லை.

நான்காவது. சனிக்கிழமை நீங்கள் வந்து பெயரைச் சொன்ன அடுத்த நிமிடம் உங்களைத் தூணுக்குப் பின்னால் அனுப்பிவிடுவார்கள். ஆகவே வர வேண்டாம். விமானக்காரர்களிடம் என் உடல்நிலையைக் காரணம் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன். உங்கள் சட்டையைத் துவைத்து, மடித்து, தனி அஞ்சலில் அனுப்புகிறேன். அதைப் போட்டுக்கொள்ளும் தகுதி எனக்கில்லை.

உங்கள் இடுப்பு உறுதியாகவும் குழந்தைகள் குறும்பாகவும் இருக்கட்டும். சோல்வேக் இருந்திருந்தால் அன்பு சொல்லியிருப்பாள். என்னைப் பற்றி வேறு சிலவும் சொல்லியிருப்பாள்.

தலைகுனிந்து,
எய்னார்

பின்குறிப்பு: கடிதத்தை விரைவு அஞ்சலில் போடக் கிளம்பினேன். கால் தானாகவே கிழட்டுக் கரடிக்குள் போய்விட்டது. காலை நேரம், டாரியாவும் ரௌனோவும் மட்டும் இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, “நான் மாக்னஸ் இல்லை. என் பெயர் எய்னார். தண்டனை எனக்குத்தான், அவருக்கில்லை” என்று சொல்லிவிட்டேன். டாரியா கிளாஸ் துடைப்பதை நிறுத்தவேயில்லை. “அது எங்களுக்கு மொத நாளே தெரியும் எய்னார். நீங்க வர்றதுக்கு முன்னாடியே மாக்னஸ் போன் பண்ணிட்டாரு. ‘எங்க அத்தான் வருவாரு, ரொம்பக் கூச்ச சுபாவம், பேரு கேட்டா அப்படியே திரும்பிப் போயிடுவாரு, ஒண்ணும் கேக்காதீங்க, என் பேரையே வச்சிக் கூப்பிடுங்க’ன்னாரு.” ரௌனோ, “ஆனா ரேடியோ விஷயத்த அவரு சொல்லல பெருசு. அதுக்கு நீ பெஞ்சுலதான் உக்காரணும்” என்றார். உட்காருவேன். நீங்கள் சனிக்கிழமை அவசியம் வாருங்கள். உங்கள் ஸ்டூலைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். கடிதத்தைத் திரும்ப எழுத வெட்கமாக இருக்கிறது, அப்படியே அனுப்புகிறேன். முதலாவதாக நான் எழுதியது தவறு. உங்கள் பெயரை நான் திருடவில்லை; நீங்கள் கொடுத்திருந்தீர்கள்.