நேர்ந்துவிட்ட சேவல்

இந்தத் தடைக்காலம் முடிவதற்குள் அந்தச் சேவலைத் தின்றே தீருவது என்று நான் சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை சபதம் எடுக்க அனுமதியுள்ள இடம் அது ஒன்றுதான்.

என் பெயர் எத்திராஜ். வீடு திருவொற்றியூர் குப்பம். காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகில் வலை இழுக்கிறவன். வருஷத்தில் அறுபத்தோரு நாள், மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று சர்க்கார் எங்களைக் கரையில் உட்கார வைக்கும். மீன் நிம்மதியாகக் குடும்பம் நடத்தும். நான் நடத்தும் குடும்பத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

என் மனைவி மங்கை வீட்டுக்குப் பின்னால் ஒன்பது கோழி வளர்க்கிறாள். எட்டுப் பெட்டை, ஒரு சேவல். சேவலுக்கு டிரைவர் என்று பெயர். படகில் டிரைவர் சொன்னபடி ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒரு டிரைவர். இந்த இரண்டு மாசமாவது ஏழு மணி வரை தூங்கலாம் என்று படுத்தால், நாலு மணிக்கே என் தலைமாட்டு ஜன்னலில் ஏறி நின்று கூவும். எழுந்திருக்காவிட்டால் உள்ளே வந்து கால் கட்டைவிரலைக் கொத்தும். மூன்று கிலோ தேறும். மிளகு போட்டு வறுத்தால்... வேண்டாம், சொல்லும்போதே எச்சில் ஊறுகிறது.

நேராகவே கேட்டுப் பார்த்தேன்.

"மங்க, டிரைவருக்கு வயசாயிட்ச்சுமே. கொயம்பு வெச்சிடலாமா?"

"உனக்குந்தான் வயசாவுது. உன்ன இன்னா பண்லாம்?"

அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

ஜூன் பிறந்தது. கத்திரி போயும் வெயில் போகவில்லை. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகளை மங்கை தினமும் ஒப்பித்தாள். கூரை ஷீட்டில் ஓட்டைக்குத் தார் பூச வேண்டும். தண்ணீர் டிரம்மைக் கழுவ வேண்டும். கோழிக்கூண்டுக்குப் புதுக் கால் வைக்க வேண்டும். நான் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றுக்கும் "ஆவட்டும்" சொன்னேன். அப்படி ஒரு "ஆவட்டும்" சொல்லும்போதுதான் அந்த யோசனை வந்தது. சாதாரண யோசனை இல்லை. எழுந்து உட்கார்ந்த வேகத்தில் கட்டிலே ஆடியது.

"மங்க! உங்கைல சொல்லாம ஒரு காரியம் பண்ட்டேன்மே."

"இன்னாத்த ஒடச்ச?"

"ஒடைக்கலமே. போன வருசம் புயல்ல எங்க போட்டு மாட்டிக்கிச்சே, அப்போ நம்ம அம்மன்கைல வேண்டிக்கினேன். 'தாயே, கரை சேத்துடு, எங்க வூட்டு டிரைவர உனுக்குத் தரேன்'னு. தடை முடியற அன்னிக்கு அறுத்துடணும்."

மங்கை துடைப்பத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். சேவலைப் பார்த்தாள். நேர்ந்துவிட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும், எங்கள் குப்பத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. உயிர் அம்மனுக்கு, கறி எங்களுக்கு. அதுவும் வழக்கம்தான்.

அவள் கண் கலங்கியது. எனக்கே பாவமாக இருந்தது. மிளகை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

"அம்மன் சமாச்சாரம். நான் இன்னாத்த சொல்றது" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பூவம்மாக்கா! இந்த ஆளு டிரைவர அம்மனுக்கு நேந்து வுட்டுகீறாராம். எப்டிக்கா சுத்தமா இருக்கணும்?"

பூவம்மாவுக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஓடி வந்தாள்.

"காப்புக் கட்டிக்கணும். பதினாலு நாளு கவிச்சி தொடக்கூடாது."

"மீனுமா?" என்றேன் நான்.

"மீனு இன்னா கீரையா?"

"கட்டில்ல படுக்கலாமாக்கா?" என்றாள் மங்கை.

"பாய்தான்."

"சும்மா குந்திகினு இருக்கலாமா?"

"வெரதக்காரன் குந்திகினா அம்மாளுக்குக் கோவம் வரும்."

"சாமி சேவலு கூண்ட யாருக்கா கய்வணும்?"

"நேந்துகினவந்தான்."

"அப்பால, டெய்லி மஞ்சத்தண்ணி ஊத்திக் குளிப்பாட்டணும் இல்லக்கா?"

பூவம்மா ஒரு நிமிஷம் விழித்தாள். "அது... ஆங், குளிப்பாட்டணும், குளிப்பாட்டணும்."

பதினாலு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டேன். தார் பூசினேன். டிரம்முக்குள் தலைகீழாக இறங்கிப் பாசி தேய்த்தேன். கூண்டுக்கு நாலு கால் வைத்தேன், அவள் சொன்னதால் ஒரு கதவும் வைத்தேன். அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை என்று கடலோடியான நான் ஆடு மாதிரி மேய்ந்தேன். ஆனால் உள்ளுக்குள் நான் ராஜா. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மங்கையை நான் ஜெயித்தது இதுவே முதல் தடவை.

டிரைவரைக் குளிப்பாட்டுவதுதான் முதலில் கஷ்டமாக இருந்தது. ஒரு சொம்பு ஊற்றியதும் றெக்கையை ஒரு சிலுப்புச் சிலுப்பும். என் கண், மூக்கு, வாயெல்லாம் மஞ்சள்.

"மெதுவா ஊத்துயா. தலைல ஊத்து. சாமி சேவலு" என்பாள் மங்கை, கொஞ்சம் தள்ளி நின்று.

நாலைந்து நாளில் அதற்கே பிடித்துப்போய்விட்டது. அந்த வெயிலுக்கு யாருக்குத்தான் பிடிக்காது? பத்தாம் நாள், நான் சொம்பை எடுத்தாலே ஓடி வந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். தன்னைத் தின்னப்போகிறவனுக்கு இவ்வளவு ஒத்துழைக்கிற ஜீவனை நான் கண்டதில்லை.

பதினாலாம் நாள் காலை. மிளகை நானே இடித்து வைத்தேன். வெள்ளை வேட்டி கட்டி, டிரைவரை மார்போடு அணைத்துக்கொண்டு, ஊர்வலம் மாதிரி கோயிலுக்குப் போனேன். பூசாரி கத்தியோடு தயாராக இருந்தார். இன்னொரு கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். தலையில் தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால்தான் அம்மன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதற்கப்புறம்தான் கத்தி. எந்தச் சேவல்தான் சிலுப்பாது?

பூசாரி தெளித்தார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டது.

கூட்டம் காத்திருந்தது. பூசாரி இன்னும் கொஞ்சம் ஊற்றினார். டிரைவர் கழுத்தை வாகாக நீட்டியது. மூன்றாவதாகச் சொம்போடு கவிழ்த்தார். அது சுகமாக ஒரு கொட்டாவி விட்டது.

"சிலுப்பு நைனா, சிலுப்பு" என்று காதில் கெஞ்சினேன். எப்படிச் சிலுப்புவது என்று நானே ஆடிக் காட்டினேன். அம்மன் என் மேல் வந்துவிட்டாள் என்று நாலு பேர் என் காலில் விழுந்தார்கள்.

பூசாரி கத்தியைக் கீழே வைத்தார். "எத்திராஜி, அம்மா வாணாங்கறா. வூட்டுக்கு இட்டுகினு போ. அவளே வாணாம்னு வுட்ட உசுரு, இனிமே ஒருத்தனும் இத்து மேல கத்தி வெக்கக்கூடாது. அது ஆயுசுக்கும் சாமி சேவலு."

மங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டிரைவரை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்த நடையைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

"எப்டிமே சிலுப்பாம நின்னுச்சு?"

"பதினாலு நாளா தண்ணி ஊத்திப் பயக்கினது யாரு? நான் ஒரு சொம்பு ஊத்தியிருப்பேனா?"

"அப்போ நான் வேண்டிக்கினது டூப்புன்னு..."

"புயல்ல நீ வாந்தி எட்த்துகினு, ஐஸ்பொட்டிக்குப் பின்னால மயங்கிக் கெடந்தியாம். கரைக்கு வந்துதான் கண்ணத் தொறந்தியாம். உங்க போட்டு டிரைவரு போன வருசமே சொல்ட்டாரு. இதுல எங்கேந்துயா வேண்டிக்கினே?"

வீடு வந்தது. தார் பூசிய கூரை, கழுவிய டிரம், கதவு வைத்த கூண்டு எல்லாம் பளபளவென்று எங்களை வரவேற்றன. வாசலில் டிரைவர் அவள் இடுப்பிலிருந்து குதித்து இறங்கியது. நேராக என் வெள்ளை வேட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையிலிருந்து வால் வரை, ஒரு சிலுப்புச் சிலுப்பியது.